வீட்டு மாடலைத் திருத்தத் தெரிந்த பெண்ணுக்காகப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதத்தில் நடுத்தர மதிப்பெண். கணவர் கட்டட மேஸ்திரி. பெரியப்பா ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி வைத்துவிட்டு, முன்பணத்துக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கச் சொல்கிறார். அவளோ, அடுத்த தெரு இன்ஜினியர் அனுப்பும் முப்பரிமாண வீட்டு மாடல்களைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, கூரை ஏன் கறுப்பாகத் தெரிகிறது, தரை ஏன் மினுங்குகிறது என்று நள்ளிரவு வரை ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். இவளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்கு ஆறுதல் எழுதி என்ன பயன்? மாற்றிக்கொள்ள வேண்டியது அவள் வழியை அன்று. உறவினர்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கைத்தான்.

பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள். மேஸ்திரி வேலையின் வருமானம் மழைக்காலத்தில் சுருங்கிவிடும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட வருமானத்தை நம்பி, பிள்ளை விரும்பாத ஒரு படிப்புக்காகக் குடியிருக்கும் வீட்டை அடகு வைப்பதை எந்த நிலையிலும் நான் ஏற்க மாட்டேன். கல்விக் கடன் வாங்கலாமே என்றால், படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்றாலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். "பொண்ணுக்கு ஐ.டி. வேலைதான் பாதுகாப்பு" என்று பெரியப்பா சொல்வது அன்பினால்தான் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் நிரல் எழுதுவதில் நாட்டமில்லாத பிள்ளைக்கு அந்தப் பட்டம் வேலையை உறுதி செய்யாது. கடனை மட்டும் உறுதி செய்யும்.

கட்டடக்கலைப் பட்டம், சிவில் பொறியியல் ஆகியவற்றைப் பற்றி எல்லோருமே சொல்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். அவள் இரவில் செய்துகொண்டிருப்பது என்ன என்பதை உங்களுக்கு விளக்கவே விரும்புகிறேன். நீங்கள் விளையாட்டு என்று நினைப்பது ஒரு தொழிலின் நடு வேலை.

வீட்டை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருளில் ஒவ்வொரு பரப்புக்கும் முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு உண்டு. வரைபவர் அவசரத்தில் பின்பக்கத்தை வெளியே திருப்பி வைத்துவிட்டால், திரையில் சரியாகத் தெரிந்த கூரை, ரெண்டர் செய்யும்போது, அதாவது மாடலிலிருந்து ஒளியும் நிழலும் கூடிய படத்தைக் கணினி உருவாக்கும்போது, கறுத்துப்போகும் அல்லது காணாமலே போகும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பரப்புகளின் திசையைக் காட்டும் வசதியைப் போட்டால், புரண்டிருப்பவை சிவப்பாகத் தெரியும். புரண்டவற்றைத் திருப்பினால் கூரை தெளிந்துவிடும். தரை மினுங்குவதற்குக் காரணம் வேறு. தளத்தின் மேற்பரப்பும் டைல்ஸின் பரப்பும் ஒரே மட்டத்தில் இருந்தால், எது முன்னால் இருக்கிறது என்று கணினிக்கு விளங்காது. ஒன்றை நீக்க வேண்டும் அல்லது சில மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். சுவர் மூலையில் வெளிச்சக் கோடு கசிகிறது என்றால், சுவரைக் கனமில்லாத ஒற்றைப் பரப்பாக வரைந்திருப்பார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்கு உரிய 230 மில்லிமீட்டரைக் கொடுத்து, மேல்தளத்தோடு இடைவெளியின்றிச் சேர்த்தால் கசிவு நிற்கும். இதைச் சொல்லிக்கொடுக்க உங்கள் கணவரைவிடத் தகுந்த ஆள் கிடையாது. சுவர் எங்கே அமர்கிறது, சன்ஷேடு எவ்வளவு நீள்கிறது, படிக்கட்டின் அடியில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவள் சிறு வயது முதல் அப்பாவோடு வேலையிடத்தில் பார்த்தவை.

இன்னும் ஆழமான கோளாறுகளும் உண்டு. சர்வே வரைபடத்தை அப்படியே மாடலுக்குள் கொண்டுவந்தால் சில சமயம் சுவர்க்கோடுகள் நடுங்கும், கதவு சட்டத்தை விட்டு விலகி நிற்கும். நிலம் இருக்கும் இடத்தைக் குறிக்கும் வடக்கு ஆயத்தொலைவு பூமத்திய ரேகையிலிருந்து அளக்கப்படுவதால், கடலூர்ப் பக்கம் அது ஏறத்தாழ 13 லட்சம் மீட்டராக இருக்கும். கிராபிக்ஸ் கார்டு பொதுவாக ஏழு இலக்கத் துல்லியத்தில்தான் கணக்கிடுகிறது. அவ்வளவு பெரிய எண்ணில் அதனால் 12 சென்டிமீட்டர் வித்தியாசத்தைக்கூடப் பிரித்தறிய முடியாது. மாடலை மென்பொருளின் தொடக்கப் புள்ளிக்கு அருகே நகர்த்திவிட்டால் நடுக்கம் போய்விடும். இந்தக் காரணம் தெரியாமல் மென்பொருளை அழித்து மறுபடி நிறுவிப் பார்ப்பவர்கள் உண்டு.

நினைவகமும் அப்படித்தான். பரப்பின் மேல் ஒட்டுவதற்கான, பக்கத்துக்கு 4096 புள்ளிகள் கொண்ட ஒரு மரப்பலகைப் படம், வட்டில் சில மெகாபைட்டாகத்தான் இருக்கும். ரெண்டர் செய்யும்போது சுருக்கம் விரிந்து 64 மெகாபைட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படி நூறு படங்கள் சேர்ந்தாலே 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு திணறிவிடும். தூரத்து அலமாரிக்கு 1024 புள்ளிப் படம் போதும், அதற்கு 4 மெகாபைட்தான் என்று தீர்மானிக்கும் பார்வை இருந்தால், புதிய கார்டு வாங்கும் செலவே மிச்சமாகும். ஒரே சன்னல் உள்ள அறை இரைச்சலாகப் புள்ளி புள்ளியாக வருகிறது என்று, ஒளியைக் கணினி எத்தனை முறை கணக்கிட்டுப் பார்க்கிறது என்பதைக் குறிக்கும் மாதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதும் வீண். இந்த இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு மாதிரிகள் வேண்டும், நேரமும் ஏறக்குறைய நான்கு மடங்காகும். சன்னலில் ஒளி நுழையும் இடத்தை மென்பொருளுக்குச் சுட்டிக்காட்டிவிட்டு, எஞ்சும் புள்ளிகளை இரைச்சல் நீக்கி என்ற வசதியிடம் விடுவது நல்லது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாகச் சொன்ன ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது: "மே மாசத்துல வடக்குச் சுவர்லயும் வெயில் அடிக்கும், படத்துல அடிக்கலைன்னு இன்ஜினியர்கிட்டயே வாதம் பண்றா." அவள் சொன்னது சரி. கடலூர் வட அட்சம் 11.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குப் பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். மென்பொருளில் ஊரை மாற்றாமல், அதில் முன்பே இருக்கும் ஏதோ ஒரு மேலைநாட்டு நகரத்தை வைத்துக்கொண்டு ரெண்டர் செய்தால், எந்த மாதத்திலும் நண்பகல் வெயில் தெற்கிலிருந்தே வரும். அந்தப் படத்தை நம்பி வடக்குச் சன்னலுக்குச் சன்ஷேடு வேண்டாம் என்று முடிவு செய்பவர், வீட்டைக் கட்டிய பிறகு ஒவ்வொரு கோடையிலும் அவதிப்படுவார். படத்தைப் பார்த்துவிட்டு வெயில் தவறு என்று சொல்ல ஒரு பிளஸ் டூ மாணவிக்கு முடிகிறதென்றால், அந்தக் கண்ணை வேறு வேலைக்கு விரட்டாதீர்கள்.

இந்த வேலைக்கு நம் பகுதியில் இடம் இருக்கிறது. ஆயத்த மாடல் நூலகங்களில் மேலைநாட்டுச் சோபாக்கள் குவிந்திருக்கின்றன. திண்ணையும் முற்றமும் தாழ்வாரத் தூணும் தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை. புதுச்சேரியின் தமிழர் தெருக்களில் உள்ள பழைய வீட்டைப் புதுப்பிக்க நினைக்கும் குடும்பத்துக்கு மர உத்தரங்கள் மேல் செங்கல் அடுக்கிக் கட்டும் மெட்ராஸ் டெரஸ் கூரையையும், ரெட் ஆக்சைடு தரையின் மங்கிய பளபளப்பையும் பிளாஸ்டிக் போலத் தெரியாமல் காட்டித் தருபவர் வேண்டும். சொல்லை உள்ளிட்டால் அழகான படம் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்று பெரியப்பா கேட்பார், நியாயமான கேள்விதான். படம் மட்டும் செய்து பிழைப்பவர்களுக்கு அது நெருக்கடியையே தரும். ஆனால் அந்தப் படத்தில் சன்னல் ஓரடி நகர்ந்திருக்கும், படியின் எண்ணிக்கை மாறியிருக்கும். கட்டுபவருக்குத் தேவை அளவு பிசகாத மாடல். ஆகவே அவள் படம் அலங்கரிப்பவளாக நின்றுவிடாமல் மாடலைச் சரிபார்ப்பவளாக வளர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அதற்கு நான் சொல்லும் படிப்பு, உறவினர்கள் முகம் சுளிக்கும் ஐ.டி.ஐ. தான். டிராஃப்ட்ஸ்மேன் சிவில் என்ற இரண்டாண்டுப் பிரிவு. கட்டட வரைபடத்தைப் படிப்பது, அளவெடுப்பது, வெட்டுத்தோற்றம் வரைவது, கணினியில் வரைவது என அவளுக்கு இப்போது இல்லாத அடித்தளம் முழுவதும் அதில் இருக்கிறது. அந்தப் பிரிவு உள்ள அரசு ஐ.டி.ஐ.யில் சேர்த்தால் பத்திரத்தைத் தொட வேண்டிய தேவையே வராது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பட்டப்படிப்பைப் போலவே ஐ.டி.ஐ.க்கும் அது உண்டு. புதுச்சேரி பக்கத்திலேயே இருந்தாலும் வேறு அரசின் நிர்வாகம் என்பதால், சேரும் இடத்தைத் தமிழகத்துக்குள் பாருங்கள். முடித்த பிறகு விருப்பம் இருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியலிலும் இரண்டாம் ஆண்டுக்கு வாய்ப்பு உண்டு.

மென்பொருளுக்கும் செலவு செய்யாதீர்கள். பிளெண்டர், ஸ்வீட் ஹோம் த்ரீடி இரண்டும் இலவசம். அவற்றைக் கொண்டு கூலி வேலையும் செய்யலாம். ஸ்கெட்ச்அப்பின் இலவச இணையப் பதிப்பு சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. கூலிக்குச் செய்யும் வேலையை அதில் செய்யக் கூடாது. திருட்டுப் பதிப்பு கணினியில் இருந்தால் இன்றே நீக்கச் சொல்லுங்கள். சில மாதத்தில் அனிமேஷன் சான்றிதழ் தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி மையங்களுக்கும் போக வேண்டாம்.

உங்களிடம் மறைக்கக் கூடாத இரண்டு செய்திகள் உண்டு. முதல் ஓரிரு ஆண்டுகளில் வருமானம் குறைவாகத்தான் இருக்கும். 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டப்படி, பதிவு பெறாத எவரும் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே உறவினர்களிடம் பெருமைக்காகக்கூட அவளை அப்படி அறிமுகப்படுத்தாதீர்கள்.

சேர்க்கை அறிவிப்பு வருவதற்குள் அவள் ஒன்று செய்ய வேண்டும். இதுவரை திருத்திய வீடுகளில் மூன்றை, இன்ஜினியரின் அனுமதியோடு எடுத்து, திருத்தும் முன் இருந்த படம், கண்டுபிடித்த காரணம், திருத்திய பின் வந்த படம் என்று தமிழிலேயே எழுதிக் கோப்பாக்கட்டும். பெரியப்பா வரும்போது அந்தக் கோப்பை அவளே விளக்கட்டும். நீங்கள் குறுக்கே பேச வேண்டாம். இன்ஜினியர் இதுவரை அவளுக்கு எதுவும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த மாடலைத் தொடுவதற்கு முன் கூலியைப் பேசிவிடும்படி அவளிடம் சொல்லுங்கள். தயங்கினால், தினக்கூலி பேசிப் பழகிய உங்கள் கணவரையே உடன் அனுப்புங்கள்.