அப்பாவின் டாஸ் ஃப்ளாப்பிகள்: டிரைவில் போடும் முன்

கேள்வி: அப்பா 1988 வாக்கில் கடைக் கணக்கு எழுதிவைத்த 5.25 அங்குல ஃப்ளாப்பிகள் 12 பரணில் கிடைத்தன. உறைமேல் ‘டாஸ் 3.3, 360 கேபி’ என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் இப்போது இல்லை. பழைய சாமான் கடையில் 1.2 எம்பி டிரைவ் ஒன்று வாங்கினேன். இதில் படிக்க முடியுமா? டாஸும் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) வேண்டுமா?

பதில்: படிக்க முடியும். ஆனால் அந்த டிரைவ் இந்த வட்டுகளில் ஒரு பைட் கூட எழுதிவிடக் கூடாது. உறையின் ஓரத்தில் சிறிய சதுர வெட்டு இருக்கும். அதைக் கறுப்பு டேப்பால் மூடிவிட்டால் டிரைவ் எழுதாது. சில டிரைவ்கள் அந்த வெட்டை ஒளியால் பார்ப்பதால் செலோடேப் உதவாது. (3.5 அங்குல வட்டில் இது நேர்மாறு, துளை திறந்திருந்தால்தான் பாதுகாப்பு.)

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 360 கேபி டிரைவ் ஒரு பக்கத்தில் 40 தடங்கள் (வட்ட வளையங்கள்) எழுதும். உங்களுடையது 80 எழுதும். அதனால் வட்டைப் படித்து எழுதும் அதன் தலை ஒடுக்கமானது. படிக்கும்போது இரண்டிரண்டு தடமாகத் தாண்டிச் சென்று சரியாகவே படித்துவிடும். எழுதினால்தான் வம்பு. அகலமான பழைய தடத்தில் ஒரு பகுதிமேல் மட்டும் புதியது பதியும், மிச்சத்தில் பழையது அப்படியே நிற்கும். அப்புறம் அதை 360 கேபி டிரைவில் போட்டால் இரண்டும் கலந்து வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. டாஸில் ஒரு ஃபைலை அழித்தால் உள்ளடக்கம் அழிவதில்லை. பெயரின் முதல் எழுத்து இருந்த பைட்டில் 229 என்ற எண் விழும், அந்த ஃபைலின் இடம் ‘காலி’ என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அப்பா அழித்த பழைய வருடக் கணக்கு இன்னும் அங்கேயே கிடக்கலாம். அந்தக் காலி இடத்தில் டிரைவ் எழுதினால் அதுவும் போய்விடும்.

டிரைவில் போடும் முன் உறையின் ஜன்னல் வழியாக வட்டைக் கையால் மெல்லச் சுற்றி, வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை, அந்த வட்டைத் தனியே வைத்துவிடுங்கள். நான் ஒருமுறை கவனிக்காமல் போட்டு, தலையில் ஒட்டிய அழுக்கு அடுத்து வந்த நல்ல வட்டையும் கீறிவிட்டது. ஒவ்வொரு வட்டுக்குப் பிறகும் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது நல்லது. முதலில் கணக்கு வட்டைப் போடாதீர்கள். போனாலும் பரவாயில்லை என்று தோன்றும் ஒன்றைப் போட்டு டிரைவைச் சோதியுங்கள்.

இன்றைய மதர்போர்டில் ஃப்ளாப்பி இணைப்பு இருக்காது. கிரீஸ்வீசில் என்ற சிறிய பலகை யூஎஸ்பியில் செருகிக்கொள்ளும், 34 முனை ரிப்பன் கேபிளால் டிரைவோடு சேரும். டிரைவுக்கு 12 வோல்ட்டும் வேண்டும், அதைத் தனி பவர் சப்ளையிலிருந்து கொடுக்க வேண்டும். வட்டை முழுதாக ஒரு இமேஜ் ஃபைலாக, அதாவது வட்டின் அச்சு அசல் நகலாக, எடுங்கள். 2 பக்கம், 40 தடம், தடத்துக்கு 9 செக்டர் (தடத்தின் துண்டு), செக்டருக்கு 512 பைட் என்பதால் ஃபைல் சரியாக 3,68,640 பைட் வர வேண்டும். இனி நோண்டுவதெல்லாம் இந்த நகலில்தான்.

ஃபைல்களை வெளியே எடுக்க டாஸ் வேண்டாம். 1983இல் டாஸ் 2.0 கொண்டுவந்த அமைப்புதான் இந்த 360 கேபி வட்டிலும் இருக்கிறது: முதல் செக்டர் கம்ப்யூட்டரைத் தொடங்குவதற்கான பூட், அடுத்த 4 செக்டர்களில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் ஃபேட் அட்டவணை இரண்டு பிரதிகள், பிறகு 7 செக்டரில் 112 பெயர்களுக்கு இடமுள்ள பட்டியல், அதன்பின் ஃபைல்கள். செவன்-ஜிப் என்ற மென்பொருளில் இமேஜைத் திறந்தாலே பெயர்கள் தெரியும்.

கணக்கு புரோகிராமை ஓட்ட மட்டும் டாஸ் போன்ற சூழல் தேவை. அதற்கு டாஸ்பாக்ஸ் போதும். அப்பா பயன்படுத்திய புரோகிராமும் அந்த 12 வட்டுகளில் ஒன்றில் இருக்கலாம். ‘.காம்’ அல்லது ‘.எக்ஸி’ என்று முடியும் பெயர்களைத் தேடுங்கள். ‘கமாண்ட்.காம்’ பல வட்டுகளில் இருக்கலாம், அது டாஸுடையது, அதை விட்டுவிடுங்கள்.