பால், முட்டை இல்லாத நனிசைவ உணவில் தசை வளருமா?

பால், முட்டை, இறைச்சி மூன்றையும் விட்டால் எடைப்பயிற்சி பலன் தராது என்று பயிற்சிக்கூடத்தில் கூறியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கருத்து தவறு. தசை கேட்பது புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களைப் போதிய அளவிலும், முறையான பயிற்சியையும்தான்.

எடைப்பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும் என்பதால், 60 கிலோ எடையுள்ளவர் ஏறத்தாழ 96 கிராமை இலக்காகக் கொள்ளலாம். உண்மையான சிக்கல் இங்குதான் இருக்கிறது: தட்டு நிறையச் சோறும் அதன்மேல் நீர்த்த சாம்பாரும் உண்டுவிட்டுப் பருப்பு சாப்பிட்டதாக நினைக்கிறோம், ஆனால் ஒரு கரண்டிச் சாம்பாரில் கிடைக்கும் புரதம் மிகச் சொற்பம். 50 கிராம் உலர்ந்த மீல் மேக்கரிலோ (சோயா உருண்டை) ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. சுண்டல், பாசிப்பயறு, வேர்க்கடலை, டோஃபு (சோயாப்பால் கட்டி) ஆகியவற்றையும் வேளைதோறும் தாராளமாகச் சேர்க்க வேண்டும்.

தாவரப் புரதம் முழுமையற்றது என்ற அச்சமும் மிகையானது. அரிசியில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பும், பருப்பில் குறையும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை அரிசியும் ஈடுசெய்கின்றன, இரண்டையும் ஒரே வேளையில் உண்ண வேண்டிய கட்டாயமும் இல்லை.

தாக்குப்பிடிக்கும் திறன் குன்றிவிடும் என்போருக்கு, நனிசைவரான அமெரிக்க நெடுந்தொலைவு ஓட்டக்காரர் ஸ்காட் ஜூரெக் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்ற வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டமே போதிய சான்று.

நனிசைவருக்கு வைட்டமின் பி12 குறையும் என்ற எச்சரிக்கை மட்டும் முற்றிலும் நியாயமானது. தாவர உணவில் அது நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை என்பதால், மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.