கோடையில் வெள்ளாடு சினை பிடிக்கச் சப்பாத்திக்கள்ளி கொடுக்கலாமா?

கேள்வி: சேலம் பக்கம் மானாவாரி நிலத்தில் வெள்ளாடு வளர்க்கிறோம். கோடையில் பெட்டைகளுக்குச் சரியாகச் சினை நிற்பதில்லை. மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளி கொடுத்து ஆடுகளின் இனப்பெருக்கத்தைக் கூட்டுகிறார்களாமே, நமக்கு ஒத்துவருமா?

பதில்:

ஒத்துவரும். ஆனால் கள்ளியை மட்டும் நறுக்கிப் போட்டுவிட்டு இரட்டைக் குட்டிக்குக் காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கள்ளியில் இருப்பது தண்ணீரும் எளிதில் செரிக்கும் மாவுச்சத்தும்தான். புரதத்தை நீங்கள்தான் வேறு தீவனத்திலிருந்து சேர்க்க வேண்டும்.

நான் ஓமலூருக்கும் சேர்வராயன் அடிவாரத்துக்கும் நடுவே ஆடு வளர்ப்பவன். எங்கள் பக்கம் தை அறுவடை முடிந்ததும் கொஞ்ச நாள் தாள் மேய்ச்சல் கிடைக்கும். பங்குனி பிறந்தால் புறம்போக்கில் வெறும் மண்தான். மேலே ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பச்சையாக நிற்க, கீழே எங்கள் ஆடுகள் வேலிக்குச்சியைக் கடித்துக்கொண்டிருக்கும். இந்த இளைப்புதான் சினை நிற்காததற்கு முதல் காரணம். உடம்பு குறைந்த பெட்டை பருவத்துக்கு வராது. வந்தாலும் ஒரு முட்டையோடு நின்றுவிடும். கிடா சேர்க்கும் காலத்தை ஒட்டிச் சத்து ஏறினால் இரத்தத்தில் குளுக்கோஸும் இன்சுலினும் உயர்கின்றன. சூலகத்தில் முட்டைகள் முதிர அது துணை செய்கிறது. கள்ளியோ கம்போ மக்காச்சோளமோ, எது கொடுத்தாலும் உள்ளே நடப்பது இதுதான்.

மெக்சிகோவின் வடக்கே கோமார்கா லகுனேரா என்ற வறண்ட பகுதியில், மேய்ச்சல் ஆடுகளுக்குக் கிடா சேர்க்கும் காலத்தில் கள்ளி கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். கள்ளியை அப்படியே கொடுத்தும் பார்த்தார்கள், ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்துப் புரதத்தைக் கூட்டியும் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஊர் சுமார் 25 டிகிரி வட அகலக்கோட்டில் இருக்கிறது. பகல் நீளும் மாதங்களில் அங்கே ஆடுகளுக்குப் பருவமே அடங்கிவிடும். அதைக் கிடாவின் நெருக்கத்தாலும் தீவனத்தாலும் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. நாம் 12 டிகிரிக்கும் கீழே இருக்கிறோம். சேலம் கருப்பு போன்ற நம் ஆடுகள் ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரக்கூடியவை. அவற்றைத் தடுப்பது பெரும்பாலும் பசிதான். ஆகவே அவர்கள் முறையை அப்படியே எடுக்காமல், கோடையின் பசியை அடைக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதே சரி என்பது என் முடிவு.

கணக்கைப் பாருங்கள். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். சித்திரையில் சினை நின்றால் புரட்டாசியில் குட்டி விழும். சேலத்தில் மழை அதிகம் பெய்வதும் ஏறக்குறைய அப்போதுதான். தாய்க்குப் பசுந்தழை கிடைக்கும், குட்டிக்குப் பால் இருக்கும். அதாவது, தீவனம் இல்லாத மாதத்தில் கிடா சேர்த்தால்தான் தீவனம் உள்ள மாதத்தில் குட்டி வரும். கள்ளி கைகொடுக்கும் இடம் இதுதான். ஈரத்தில் குட்டிகளுக்குச் சளியும் கழிச்சலும் வராமலிருக்கப் பரணோ உலர்ந்த தரையோ மட்டும் முன்கூட்டியே ஏற்பாடாக இருக்க வேண்டும்.

கிடா சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். சேர்த்த பிறகும் மூன்று வாரம் விடாதீர்கள். பாதியில் நிறுத்தினால் கரு தங்காமல் போகலாம். எல்லா ஆட்டுக்கும் தேவையில்லை. பெட்டையின் கடைசி விலாவுக்குப் பின்னால், முதுகுத்தண்டின் இரு பக்கமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அமுக்கிப் பாருங்கள். எலும்பு முனைகள் கூர்மையாகக் கையில் தட்டினால் இந்தத் தீவனம் அதற்குத்தான். சதை மூடி வழுவழுப்பாக இருந்தால் அந்த ஆட்டுக்குக் கூடுதல் தீவனம் வீண் செலவு. கிடாவையும் மறக்க வேண்டாம். அதன் விந்து உருவாக ஏழு வாரம் வரை ஆகும் என்பதால் அதற்குத் தீவனத்தை இன்னும் முன்னதாகவே கூட்ட வேண்டும்.

கள்ளி மடலில் 85 முதல் 90 சதவீதம் தண்ணீர். 2 கிலோ நறுக்கிப் போட்டால் காய்ந்த தீவனக் கணக்கில் 200–300 கிராம்தான் தேறும், மீதியெல்லாம் தண்ணீர். தொட்டி வற்றும் மாதத்தில் அதுவும் பெரிய லாபம். காய்ந்த எடையில் புரதம் 4–6 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. சுண்ணாம்புச்சத்து ஏராளம், பாஸ்பரஸ் குறைவு. எனவே 25–30 கிலோ பெட்டைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 கிலோ கள்ளி போதும். அதோடு ஒரு கை கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் தவிடு, தாது உப்புக் கலவை, வயிறு நிறையச் சோளத்தட்டு அல்லது கடலைக்கொடி. கிளைரிசிடியா, அகத்தி, வேலிமசால் எது கிடைத்தாலும் நல்லது. சவுண்டல் தழை என்றால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து கோடையில் பொறுக்கிச் சேர்க்கும் வெள்வேல நெற்று கள்ளிக்கு மிகச் சரியான துணை. கள்ளியில் இல்லாத புரதம் அதில் இருக்கிறது. முதல் நாள் கால் கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் மெதுவாகக் கூட்டுங்கள். அதிகமானால் சாணம் இளகும். சோளத்தட்டைக் கூட்டிக் கள்ளியைக் குறைத்தால் சரியாகிவிடும்.

நம் வேலிகளில் நிற்கும் சப்பாத்திக்கள்ளியை வெட்டினால் ஊசிமுள்ளைத் தீயில் வாட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு கண்ணிலும் மஞ்சள் நிறத்தில் பொடியாகச் சுணை இருக்கும். அது கருகும் வரை மடலை இரு பக்கமும் புரட்டி வாட்ட வேண்டும். சுணை நாக்கில் ஏறிய ஆடு வாயைத் திறந்தபடி நிற்கும், எச்சில் ஒழுகும், பிறகு தீவனத்தையே தொடாது. இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. உடைத்தால் வெள்ளைப் பால் வடியும் திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி எதையும் ஆட்டுக்குப் போடக் கூடாது, அவை நஞ்சு. சப்பாத்திக்கள்ளியை உடைத்தால் கோழைபோல நூல் நூலாக இழுபடும் நீர்தான் வரும். வேலையாட்களை வெட்ட அனுப்பும் முன் இந்த வேறுபாட்டைக் கையில் உடைத்தே காட்டிவிடுங்கள்.

நீண்ட காலத் திட்டமென்றால் முள்ளில்லாத தீவனக் கள்ளியை நடுவதே நல்லது. ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் இதில் வேலை செய்கிறது. நடுகைக்கு மடல் எங்கே கிடைக்கும் என்று சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். வெட்டிய மடலை நிழலில் வெட்டுவாய் காயும் வரை வைத்து, கீழ்ப்பாதியைத் தண்ணீர் தேங்காத மேட்டில் புதைத்தால் வேர் பிடிக்கும். இரண்டாம் ஆண்டு முதல் அடிமடல்களை விட்டுவிட்டு மேலே வெட்டலாம். பழம் பழுக்கும் முன் பறித்துவிடுங்கள். பறவைகள் விதையைப் பரப்பினால் முள்ளோடும் முளைக்கும், புறம்போக்கும் கெடும்.

மடலில் வெண்பஞ்சு போல ஒட்டியிருப்பதை நசுக்கிச் சிவப்புச் சாறு வந்தால் அது கொச்சினியல் பூச்சி. தென்னிந்தியாவில் காடாய்ப் பரவிய சப்பாத்திக்கள்ளியை அழிக்க 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டதே அந்த இனம். தீவனக் கள்ளியையும் அது விடாது. கண்டவுடன் அந்த மடலை வெட்டி எரித்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.