சொவாவேயின் கசப்பு பழுதல்ல

வணக்கம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சொவாவே கிளாசிக்கோ என்னும் இத்தாலிய வெள்ளை ஒயினைக் காரமான அர்ராபியாட்டா பாஸ்தாவுடன் அருந்தியபோது மணமின்றித் தண்ணீர்போல இருந்ததாகவும், இறுதியில் கசந்ததால் மீதியைக் கொட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். வட இத்தாலியின் வெரோனா நகருக்குக் கிழக்கேயுள்ள குன்றுகளில் விளையும் கார்கானெகா திராட்சை, சொவாவேயில் குறைந்தது 70 விழுக்காடு இருந்தாக வேண்டும். அந்த மெல்லிய கசப்பு அதன் இயல்பு. மிளகாய்தான் அதை மிகைப்படுத்தியது, கடுங்குளிர் மணத்தை அடக்கிவிட்டது.

இருபது நிமிடம் வெளியே வைத்து, 10 முதல் 12 டிகிரிக்கு வந்தபின், கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றிச் சுழற்றி முகர்ந்து பாருங்கள். முதலில் எலுமிச்சைத் தோலும், சற்றுப் பொறுத்தால் வெண்ணிறப் பூக்களும் மணக்கும். விழுங்கியபின், பாதாம் பருப்பைத் தோலோடு மென்றதுபோன்ற அந்தக் கசப்பு நாவின் பின்புறத்தில் தங்கும். எனக்கு இந்த ஒயினில் மிகவும் பிடித்த இடம் அதுவே.

உணவுக்கு, வெரோனா அடங்கிய வெனெட்டோ பகுதி மக்களின் ரிசி ஏ பிசியைச் செய்து பாருங்கள்: பச்சைப் பட்டாணியோடு குழைய வெந்த அரிசியில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேரும்போது, அந்தக் கொழுப்பை ஒயினின் புளிப்பு அளவாக வெட்டிவிடும். ஆலிவ் எண்ணெய் விட்ட வேகவைத்த மீனும் நன்றாகப் பொருந்தும். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் மட்டும் அது தக்கையால் கெட்ட புட்டி. கடையில் திருப்பிக் கொடுங்கள்.