கார்ல்டன் சென்டர் இப்போது யாருடையது?

ஜோகன்னஸ்பர்க் நடு ஊரில் நிற்கும் அந்த 50 மாடிக் கட்டடத்தை ஏன் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டியது ஆங்கிலோ அமெரிக்கன், சுரங்கக் கம்பெனி. ஆரம்பத்தில் சவுத் ஆப்பிரிக்கன் புரூவரீஸ் என்ற பீர் கம்பெனியும் கூட்டு, ஆனால் பாதியிலேயே விலகிவிட்டது. 1973-இல் திறந்தபோது 223 மீட்டர், ஆப்பிரிக்காவிலேயே உயரம். 2019-இல் ஊரின் வடக்கே உள்ள சாண்ட்டனில் லியோனார்டோ என்ற கட்டடம் எழும்பும்வரை அந்தப் பெயர் அதற்குத்தான்.

அப்புறம் தொண்ணூறுகளில் வழிப்பறிப் பயம், கம்பெனிகள் ஒவ்வொன்றாக சாண்ட்டனுக்கு நடையைக் கட்ட, பக்கத்திலேயே இருந்த கார்ல்டன் ஹோட்டலும் 1998-இல் பூட்டியாகிவிட்டது, பங்குச் சந்தையே 2000-இல் சாண்ட்டனுக்குப் போய்விட்டது என்றால் பாருங்கள். காலி மாடிக்கு யார் விலை கொடுப்பார்? 1999-இல் ஆங்கிலோ தன் பங்கை 3.3 கோடி ராண்டுக்கு (ராண்ட் அந்நாட்டுப் பணம்) டிரான்ஸ்நெட்டிடம் தள்ளிவிட்டது. டிரான்ஸ்நெட் என்றால் ரயில், துறைமுகம் நடத்தும் அரசு நிறுவனம். இன்று அதே மாதிரி கட்ட அந்தக் காசு அஸ்திவாரத்துக்குக்கூடக் காணாது என்பது என் எண்ணம்.

லெனேசியாவிலிருந்து சித்தி வந்தால் இன்னமும் கீழே இருக்கும் கடைகளுக்குத்தான் போவாள், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.