இரண்டு வயதுக் குழந்தையின் முன்பல்லில் கருப்புக் கறை: இரும்புச்சத்து மருந்தால் வருமா?

வரும். இரும்புச்சத்து சொட்டு மருந்து பல்லின் மேல் கருப்பாகப் படியும். பல்லுக்குள் இறங்காது, பல் மருத்துவர் பாலிஷ் செய்தால் போய்விடும். அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சொட்டை நாக்கின் பின்பக்கம் அல்லது கன்னத்தின் உட்புறம் விட்டு, உடனே கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

ஆனால் எல்லாக் கறையையும் மருந்தின் தலையில் கட்டிவிட முடியாது. உதட்டைத் தூக்கிப் பாருங்கள். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு இருந்தால், அது சொத்தையின் தொடக்கம். பிறகுதான் பழுப்பாகி, குழி விழும். இரவில் பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளிடம் இதை அதிகம் பார்க்கலாம். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும்.

ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமா? சில வாரங்களுக்கு முன் எங்காவது விழுந்தானா என்று யோசியுங்கள். ஈறு வீங்கினாலோ சீழ் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், ஃப்ளோரைடு பற்பசை ஓர் அரிசி அளவு போதும். கரித்தூள், சோடா உப்பு எல்லாம் வேண்டவே வேண்டாம்.