தோற்ற மறுநாள் கொடியை என்ன செய்வது?

கேள்வி: 2023 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதியாட்டத்தில் இந்தியா தோற்ற மறுநாள், எங்கள் கடைத்தெரு வாய்க்காலில் தேசியக் கொடிகள் மிதந்ததைப் பார்த்தேன். ஜெயித்தால் தோளில், தோற்றால் சாக்கடையில். இந்த ஜனங்களுக்குக் கொடி எதற்கு? எங்கள் தெருவில் ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தையே நிறுத்திவிடலாம் என்று சொல்லப்போகிறேன். சரிதானே?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: சரியில்லை. கொடியேற்றத்தை நிறுத்தினால் வாய்க்காலில் வீசியவர்களுக்கு ஒன்றும் உறைக்காது. மனசு நொந்த உங்கள் கையிலிருந்தும் கொடி போய்விடும், அவ்வளவுதான்.

‘இந்த ஜனங்களுக்கு’ என்கிறீர்களே, 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகிகளை நடத்திக்கொண்டு போனது உங்கள் தஞ்சைச் சீமை வழியாகத்தான். தொண்டர்களுக்குச் சோறு போட்டால், இடம் கொடுத்தால் சிறை என்று கலெக்டர் தார்ன் மிரட்டினார். ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். வெற்றி கண்ணுக்கு எட்டாத காலத்தில் அதைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாட்டின் மேல் பற்று இல்லை என்று ஒரு ராத்திரியை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அந்த ராத்திரி நடந்தது என்ன? தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்த அணி அது. அகமதாபாத்தில் 240 ரன்னில் சுருண்டது. டிராவிஸ் ஹெட் 137 அடித்தார், ஆறு விக்கெட் வித்தியாசத்தில் ஆஸ்திரேலியா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. கொண்டாட்டத்துக்கென்று வாங்கிய கொடி கையில் இருக்கிறது, கொண்டாட்டம் இல்லை. அதை என்ன செய்வது என்று விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. கோபத்தில் எறிந்தவர்கள் சிலர் இருப்பார்கள். தெரியாமல் விட்டுப்போனவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். எனவே தெரியவேண்டியதைச் சொல்கிறேன், தெருவில் படித்துக் காட்டுங்கள்.

விளையாட்டு விழாக்களில் அசைக்கக் காகிதக் கொடியை 2002-ன் கொடி விதித்தொகுப்பு அனுமதிக்கிறது. ஆட்டம் முடிந்தபின் தரையில் போடக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. பிளாஸ்டிக் கொடிக்கு அதில் இடமே இல்லை. வாய்க்காலில் மாதக்கணக்கில் மிதப்பது அதுதான். கடைக்காரரிடம் வாங்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கதர்க் கொடி மட்டும்தான் என்றிருந்ததை மாற்றி, 2021 டிசம்பரில் பாலியஸ்டரையும் இயந்திரத்தில் நெய்ததையும் அனுமதித்தார்கள். கொடியின் மேல் கிளப் பெயர், ஊர்ப் பெயர் எதையும் எழுதக்கூடாது. வேன் முகப்பில் போர்த்தக்கூடாது, இடுப்புக்குக் கீழ் உடுத்தக்கூடாது. பொது இடத்தில் கொடியை எரிப்பதும் மிதிப்பதும் 1971-ன் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

கிழிந்த, சாயம் போன கொடியை என்ன செய்வது? துண்டு போடாமல், முழுசாக, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், மரியாதையோடு எரிக்கலாம், அல்லது மரியாதை குறையாத வேறு முறையில் அப்புறப்படுத்தலாம். கதரும் பருத்தியும் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், கையைச் சுடும், கரும்புகை கக்கும். அதை எரிக்காதீர்கள். மடித்து ஒரு பருத்தித் துணியில் சுற்றி, மேட்டுத் திடலிலோ தோப்பிலோ இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். வரப்பும் வாய்க்கால் கரையும் வேண்டாம். தூர் வாரும்போது பொக்லைன் அள்ளி வெளியே போட்டுவிடும். மடிக்க இரண்டு பேர் வேண்டும்: காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடக்கி, பிறகு இரு பக்கமும் உள்ளே மடித்தால் சக்கரம் மேலே தெரியும்.

இனி உங்கள் ஆகஸ்ட் 15. மாநில முதலமைச்சர்கள் அன்று கொடியேற்றும் உரிமையே 1974-ல்தான் வந்தது. கேட்டு வாங்கியவர் உங்கள் பக்கத்துத் திருக்குவளையில் பிறந்த மு.கருணாநிதி. அதை நீங்கள் கைவிடப் பார்க்கிறீர்கள்!

20 அடிக் கம்பத்துக்கு 3 அடிக்கு 2 அடிக் கொடி போதும். கயிறு ஏறி இறங்க 40 அடி, முடிச்சுக்கும் கம்பத்தில் கட்டுவதற்கும் 5 அடி சேர்த்துக்கொள்ளுங்கள். பருத்திக் கயிறு மழையில் ஊறிப் பருத்துக் கப்பியில் சிக்கும். நைலான் சிக்காது, ஆனால் வழுக்கும். முடிச்சை இரட்டையாகப் போடவேண்டும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இரும்புக் கப்பி துருப்பிடித்து நின்றுவிடும், முதல்நாளே எண்ணெய் விட்டு ஓட்டிப் பாருங்கள். ஒத்திகைக்குக் கொடி வேண்டாம், ஒரு துண்டைக் கட்டிப் பாருங்கள்.

கொடியின் ஓரப்பட்டியில் மரக்கட்டை உள்ள முனைதான் மேலே, காவிப் பக்கம். அவசரத்தில் இதை மாற்றிக் கட்டித்தான் கொடி தலைகீழாகிறது. பொட்டலமாகக் கட்டி மேலே அனுப்பிப் பிரிப்பதென்றால் நீளவாட்டில் இரண்டு முறை மடித்து, பறக்கும் முனையிலிருந்து பட்டியை நோக்கிச் சுருட்டி, இழுகயிற்றால் ஒரே சுற்று சுற்றி, இழுத்தால் அவிழும் உருவுமுடிச்சு போடுங்கள். பூ ஒரு கைப்பிடி, உதிரியாக, உலர்ந்ததாக. ஈர ரோஜா இதழை அள்ளித் திணித்தால் வெள்ளையில் கறை படியும், கனத்தில் முடிச்சும் இறுகும். பிரியாவிட்டால் கயிற்றை உலுக்காதீர்கள். உலுக்க உலுக்க இறுகும். முழுக்கக் கீழே இறக்கி, முடிச்சை அவிழ்த்து, மறுபடி உச்சிவரை ஏற்றுங்கள். பாதியில் விட்டால் அது அரைக்கம்பம், துக்கத்தின் அடையாளம். ஏற்றும்போது விரைவாக, இறக்கும்போது நிதானமாக.

தோல்வியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கபடி தெரிந்த வடுவூர்க்காரர் ஒருவரிடம் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைப் பற்றிப் பேசிப் பாருங்கள். 1990 முதல் ஏழு ஆசிய விளையாட்டிலும் ஆண்கள் தங்கம் நம்முடையது. அங்கே அரையிறுதியில் ஈரானிடம் 18-27. பெண்கள் இறுதியில் 24-27, அதுவும் ஈரானிடம். அந்த ஈரான் பெண்களுக்குப் பயிற்சியாளர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். ஆண்களில் பலர் நம் புரோ கபடியில் நம்மவர்களோடு ஆடி, யார் எந்தப் பக்கம் பாடிவருவார், எந்தக் காலை நீட்டுவார் என்று கற்றுக்கொண்டு போனவர்கள். மூலையில் நின்றவர் கணுக்காலைப் பிடிக்க, இன்னொருவர் இடுப்பில் விழ, பாடிப்போன நம் ஆள் (ரெய்டர்) கோட்டுக்குத் திரும்பவே முடியவில்லை. ஐந்தாண்டு கழித்து ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே ஈரானை இறுதியில் 33-29 என்று ஆண்கள் வென்றார்கள். நடுவர் தீர்ப்பில் தகராறு வந்து ஆட்டம் நெடுநேரம் நின்று, அதன்பிறகு கிடைத்த தங்கம். பெண்கள் சீன தைபேயை 26-25 என்று வென்றார்கள். ஆட்டத்தின் நுணுக்கம் தெரிந்தவருக்குத் தோல்வியிலும் பேச இவ்வளவு இருக்கிறது. உங்கள் தெருப் பையன்களோடு அப்படி உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா?

அடுத்த இறுதியாட்டத்துக்கு முந்தின நாள் டீக்கடை வாசலில் மூடியுள்ள ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள். ‘கொடிகளை இங்கே கொடுங்கள்’ என்று எழுதி ஒட்டுங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் மறுநாள் காலை துப்புரவுப் பணியாளர் வருவதற்குள் தெருவை ஒரு நடை நடந்து, கிடப்பவற்றைப் பொறுக்குங்கள். நல்லவற்றை மடித்து வைத்து, நைந்தவற்றை மேலே சொன்னபடி செய்யுங்கள். கொடியை எறிந்த பையன்கள் யாரென்று தெரிந்தால், ஆகஸ்ட் 15 காலையில் கயிற்றைப் பிடிக்க அவர்களையே கூப்பிடுங்கள்.